இடப்பக்கம் இழுக்கிறது

தேனீக்களை இரவில்தான் ஏற்றுவோம்.
நாற்பது பெட்டி, வாசல்களில் ஈரச் சாக்கு,
ஐம்பத்தி நாலு மாடல் செவர்லே.
தக்குவரெம்போவைத் தாண்டி வடக்கே,
யூகலிப்டஸ் பூத்திருக்கும் பக்கம்.

மிதித்தால்
முன் இடச் சக்கரம் கவ்வும்.
கவ்வினால் விடாது.
ஸ்டியரிங் கையைத் திருகிக்கொண்டு
எதிர்த்தடத்துக்குப் போகும் வண்டி.
ஒருமுறை அங்கே
மாட்டு லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது.
நாற்பது பெட்டியும் ஒரு சாண் முன்னால் நகர்ந்தன.
உள்ளிருந்து எழுந்ததை இரைச்சல் என்று சொல்ல முடியாது,
ஓர் ஊரே தூக்கத்தில் புரண்டு படுத்தது.

"நீ மிதிக்கிறாய்" என்றேன் வில்மாரிடம்.
"மிதிக்காமல் எப்படி நிறுத்துவதாம்?"
"அழுத்தணும். நீ எதையுமே அழுத்துவதில்லை,
மிதிக்கத்தான் தெரியும்."
பிரேக்கைப் பற்றித்தான் பேசினோமா,
தெரியவில்லை.
ஆற்றுப் பாலம் வரை அவன் வாய் திறக்கவில்லை.

ஞாயிறன்று ஜாக்கி வைத்தேன்.
இடச் சக்கரத்துக்கு. வேறெதற்கு?
டிரம் வர மறுத்தது.
மரச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டக்
கரும்பொடியோடு கழன்றது.
ஊதவில்லை; நனைத்துத் துடைத்தேன்.
லைனிங்கை முகர்ந்தேன்.
கிரீஸ் கசிந்திருந்தால் கோந்தாய்ப் பிடிக்குமே என்று.
கசியவில்லை.
குட்டை லைனிங் முன்னால், நீள லைனிங் பின்னால்,
யாரும் மாற்றிப் போடவில்லை.
ஸ்பிரிங்குகள் விரலைக் கிள்ளின, உயிரோடுதான்.
டிரம்முக்குள் கட்டைவிரலை ஓட்டினேன்,
மேடில்லை, வெடிப்பில்லை.
ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி
ஆயிலைத் திரும்ப விடாமல் வைத்திருக்கலாம்.
ரிவேராவிலிருந்து புதுசு வரவழைத்துப் போட்டேன்.
ஓட்டினேன்.
இடப்பக்கம் இழுத்தது.

மறுபடி திறந்தேன்.
லைனிங் முனையை அரத்தால் சரித்தேன்,
அட்ஜஸ்டரை இரண்டு பல் தளர்த்தினேன்,
அதன் தாயைத் திட்டினேன்.
இடப்பக்கம்.

மூன்றாம் நாள்
பதினோரு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துத் திரும்பி
வலப்புறச் சக்கரத்தில் சாய்ந்து
மாத்தே உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.
முதுகுக்குச் சுகமாக, சில்லென்று இருந்தது.

சில்லென்று இருக்கக் கூடாது.

எழுந்து அந்தப் பக்கம் போய்
இடது டிரம்மில் துப்பினேன். சீறியது.
இந்தப் பக்கம் துப்பினேன்.
எச்சில் வழிந்து மண்ணில் சொட்டியது.

வலது டிரம் சும்மாவே கையோடு வந்தது.
உள்ளே வீல் சிலிண்டரின் இரண்டு பிஸ்டனும்
துருவில் புதைந்து கிடந்தன.
லைனிங் மட்டும் அப்படியே,
பூட்டிய அன்றைய கனத்தில்.
எத்தனை வருஷமோ
உருண்டதைத் தவிர வேறொன்றும் செய்யாமல்.
மூன்று நாளாக நான்
உழைத்தவனைக் கட்டிவைத்து விசாரித்தபோது
இது அடுத்த வீட்டு ஜன்னல்போலப்
பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

முன்னால் ஒற்றைச் சக்கரத்தை வைத்து
நாற்பது பெட்டியை நிறுத்துகிறவன்
மிதிக்கத்தான் செய்வான்.

அதை அவனிடம் சொல்லவில்லை.
சாப்பாட்டு மேஜையில் கிடந்த பழைய சிலிண்டரை எடுத்து,
பிஸ்டனைத் தள்ளிப் பார்த்து, அசையாதது கண்டு,
"ம்" என்றான் வில்மார்.
ரொட்டியைப் பிட்டான்.
அந்த "ம்" ஒரு வாரம்
என் காதுக்குள் கூடு கட்டியிருந்தது.

புது சிலிண்டர்.
அவன் பெடலை அழுத்த, நான் கீழே படுத்து
காற்றுக்குமிழ் தீரும்வரை ஆயிலை வடித்தேன்.
"அழுத்து."
"அழுத்தியாச்சு."
"விடு."
அன்று நாங்கள் பேசியதே அவ்வளவுதான்,
பலமுறை.

இரவு பெட்டிகளை ஏற்றிப் புறப்பட்டோம்.
ஸ்டியரிங் என் கையில்.
இறக்கத்தில் மெல்ல அழுத்தினேன்.
நான்கு சக்கரமும் ஒரே மூச்சில் தணிந்தன.
பெட்டிகள் அசையவில்லை.
ஆனால் வண்டி
வலப்பக்கப் பள்ளத்தைப் பார்த்து நகர்ந்தது.

"இப்போது வலப்பக்கம் இழுக்கிறதா?"

குனிந்து பார்த்தேன்.
இல்லாத இழுப்புக்கு எதிராக
இன்னும் வலப்பக்கம் திருப்பிப் பிடித்திருந்தன
என் இரண்டு கைகளும்.

"இல்லை" என்றேன்.
"அது நான்."